நீலத்திரை 48 இலக்கம் கேட்டால்: ஒரு கணக்கு டீச்சரின் கைக்குறிப்பு

ராத்திரி பத்தே முக்காலுக்கு மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து கூப்பிட்டாள். "அம்மா, லேப்டாப்ப ஆன் பண்ணா நீலக் கலர்ல ஏதோ நம்பர் கேக்குது. நாப்பத்தெட்டு நம்பராம். நாளைக்குக் காலையில ரிவ்யூ இருக்கு." பின்னால் அறைத்தோழி ஒருத்தி, "ஃபார்மட் அடிச்சிரலாம்டி" என்று யோசனை சொல்வதும் காதில் விழுந்தது.

"ஒண்ணையும் தொடாத. திரையில கீ ஐடின்னு போட்டிருக்கும் பாரு. அதுல முதல் எட்டு எழுத்தை மட்டும் வாசி."

அவள் வாசிப்பதற்குள் பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் கிடந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துவிட்டேன். எட்டு எழுத்தும் பொருந்தியது. ஆறாறு இலக்கமாகச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். ஐந்து நிமிடத்தில் விண்டோஸ் வந்துவிட்டது. அது கேட்டது, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியின் மீட்புச் சாவி. சாயங்காலம் ஓடிய அப்டேட்டோடு பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் எழும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட்டும் சேர்ந்து இறங்கியிருக்கிறது, அதுதான் காரணம்.

பெருமைக்குச் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு அண்ணன் மகன் லேப்டாப்பில் இதே திரை வந்தபோது எங்கள் யாரிடமும் நோட்டு இல்லை. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு நாள் ஆயிற்று. எந்தக் கணக்கு என்று தேடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. லேப்டாப் வாங்கிய கடையில், "எல்லாம் ரெடி பண்ணித் தர்றோம் சார்" என்று ஒரு பையன் அவனாக ஒரு மின்னஞ்சலை உருவாக்கி அதிலேயே விண்டோஸைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையன் இப்போது கடையில் இல்லை. மின்னஞ்சலும் யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் அப்பா அம்மா சதாபிஷேகப் படங்கள் அதற்குள்ளேயே போயின.

அந்த வாரமே குடும்பத்தில் இருக்கும் ஐந்து கணினிக்கும் உட்கார்ந்து சாவி எடுத்தேன். எப்படி எடுத்தேன், அதற்கப்புறம் என்னவெல்லாம் வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பூட்டு இருக்கிறதா?

"நான் எதையும் பூட்டலையே" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் பூட்டியிருக்க வேண்டியதில்லை. விண்டோஸின் ஹோம் பதிப்பில்கூட டிவைஸ் என்கிரிப்ஷன் என்று ஒன்று உண்டு, அதாவது சாவியில்லாமல் வாசிக்க முடியாதபடி வட்டைக் குறியாக்கம் செய்வது. மைக்ரோசாஃப்ட் கணக்கால் முதல்முறை உள்ளே நுழைந்ததும் அது சத்தமில்லாமல் வட்டைப் பூட்டி, சாவியை அந்தக் கணக்கில் போட்டுவிடும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் இதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டார்கள். அதனால் புதிதாக விண்டோஸ் 11 போட்ட அசெம்பிள் டெஸ்க்டாப்புகளும் இப்போது இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

பார்ப்பது சுலபம். செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன். ப்ரோ பதிப்பு என்றால் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர். எனக்கு இரண்டையும்விடக் கட்டளைதான் பிடிக்கும், அது மழுப்பாது. ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, வலது சொடுக்கி, ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து இதை அடியுங்கள்: மேனேஜ்-பிடிஇ, இடைவெளி, -ஸ்டேட்டஸ்.

வரும் பட்டியலில் இரண்டு வரியைப் பாருங்கள். கன்வர்ஷன் ஸ்டேட்டஸ் என்பது வட்டு குறியாக்கம் ஆகியிருக்கிறதா என்பது. ப்ரொடெக்ஷன் ஸ்டேட்டஸ் என்பது பூட்டு உண்மையில் வேலை செய்கிறதா என்பது. முதலாவது ஆம், இரண்டாவது ஆஃப் என்று வந்தால், கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட நிலை. மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் உள்கணக்கில் (லோக்கல் அக்கவுன்ட்) மட்டும் ஓட்டுகிறவர்களின் கணினியில் இதைப் பார்க்கலாம். என்றைக்காவது கணக்கைச் சேர்த்தால் அன்றைக்குச் சாவி கதவிலிருந்து போய்விடும்.

சாவியை எடுப்பது

அதே கறுப்புத் திரையில்: மேனேஜ்-பிடிஇ, இடைவெளி, -ப்ரொடெக்டர்ஸ், இடைவெளி, -கெட், இடைவெளி, சி முக்காற்புள்ளி.

இரண்டு பாதுகாப்பு வரும். ஒன்று டிபிஎம். மதர்போர்டில் இருக்கும் சிப், அல்லது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதன் மென்வடிவம். தினமும் நீங்கள் எதையும் அடிக்காமல் கணினி திறப்பது இதன் தயவில். இன்னொன்று நியூமரிக்கல் பாஸ்வேர்ட். அதற்குக் கீழே ஓர் ஐடியும், கோடு போட்டுப் பிரித்த எட்டுக் கட்டு எண்களும் இருக்கும். அதுதான் ரெகவரி கீ. நியூமரிக்கல் பாஸ்வேர்ட் என்ற பகுதியே இல்லையென்றால் கட்டளையில் -கெட் இருந்த இடத்தில் -ஆட் போட்டு, சி-க்குப் பிறகு -ரெகவரிபாஸ்வேர்ட் என்று சேர்த்தால் புதிதாக ஒன்று உருவாகும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் ஒரு பிரதி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். முகவரி: ஏகேஏ புள்ளி எம்எஸ், சாய்கோடு, மைரெகவரிகீ, எல்லாம் சேர்த்து. உள்ளே போகக் குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கேட்கலாம். அந்தக் குறுஞ்செய்தி ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன பழைய சிம்முக்குப் போகிறதா என்பதும் இன்றைக்கே தெரிந்துவிடும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலால் லேப்டாப்பைத் தொடங்கியிருந்தால் சாவி உங்கள் சொந்தக் கணக்கில் இருக்காது, கல்லூரிக் கணக்கில் இருக்கும். படிப்பு முடிந்து அந்த மின்னஞ்சலை மூடுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

எனக்கு இதெல்லாம் இருந்தாலும் காகிதம் வேண்டும். ஒரு கணினிக்கு ஒரு பக்கம். மேலே யாருடையது, எந்த மாடல், எந்த மின்னஞ்சல், என்றைக்கு எழுதியது. அடுத்து கீ ஐடியின் முதல் எட்டு எழுத்து. அதற்குக் கீழே எட்டுக் கட்டும் எட்டு வரியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரே வரியில் எழுதினால் ஃபோனில் வாசிக்கும்போது கண் தாண்டிவிடும். நோட்டு லேப்டாப் பையில் இருக்கக்கூடாது. பையோடு திருட்டுப் போனால் திருடனுக்குச் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

பதினொன்றால் வகுத்துப் பாருங்கள்

கையால் எழுதும்போது பிழை வரும். என் 1-ஐப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே 7 என்று வாசிக்கிறார்கள். 48 இலக்கத்தில் ஒன்று தப்பினாலும் சாவி சாவியில்லை. இங்கேதான் என் தொழில் உதவியது: ரெகவரி கீயின் ஒவ்வோர் ஆறிலக்கக் கட்டும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்.

தற்செயல் இல்லை, வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். உண்மையான சாவி 128 பிட். அதை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 0 முதல் 65535 வரை ஓர் எண். அதை 11-ஆல் பெருக்கி ஆறிலக்கமாகக் காட்டுகிறார்கள். மிகப் பெரியது 720885. ஆகவே எந்தக் கட்டும் 8-இலோ 9-இலோ தொடங்காது. தொடங்கினால் நீங்கள் எழுதியது தப்பு, வகுக்கவே வேண்டாம்.

கால்குலேட்டரும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விதிதான்: ஒற்றை இட இலக்கங்களைக் கூட்டு, இரட்டை இட இலக்கங்களைக் கூட்டு, வித்தியாசம் 0, 11, 22 இவற்றில் ஒன்றாக இருந்தால் சரி. உதாரணத்துக்கு நானே போட்ட ஒரு கட்டு: 417615. ஒற்றை இடங்கள் 4, 7, 1, கூட்டினால் 12. இரட்டை இடங்கள் 1, 6, 5, கூட்டினால் 12. வித்தியாசம் 0. இதிலுள்ள 7-ஐ 1 என்று எழுதியிருந்தால் 411615. ஒற்றை இடம் 6, இரட்டை இடம் 12, வித்தியாசம் 6. பிடிபட்டது.

ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இந்தச் சோதனை எப்போதும் பிடித்துவிடும். பக்கத்து பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும். பிடிக்காத ஒன்றும் உண்டு: ஒன்றுவிட்டு ஒன்று இடம் மாறினால் தப்பிவிடும். 417615-ஐ 714615 என்று எழுதினாலும் கூட்டுத்தொகை அதேதான். நல்லவேளை, மனிதக் கை அப்படிப் பிழை செய்வது அபூர்வம். எட்டுக் கட்டுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகும். ஐந்து கணினியில் என் கையெழுத்தில் ஒரு பிழை சிக்கியது. மகள் லேப்டாப்பின் பக்கத்தில்தான், ஆறாவது வரியில்.

திரை வந்துவிட்டால்

முதலில் அந்தத் திரையை ஃபோனில் படம் எடுங்கள். கீ ஐடி அதில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நான்கைந்து சாவி வரிசையாக நிற்கும், பழைய லேப்டாப்புகளின் சாவியும் அங்கேயேதான் கிடக்கும். ஐடி பொருந்துவது எதுவோ அதைத்தான் அடிக்க வேண்டும்.

எண் விசை பழுதான லேப்டாப்பா? எஃப்1 முதல் எஃப்9 வரை 1 முதல் 9, எஃப்10 என்றால் 0. இந்தச் சலுகை திரையிலேயே சின்ன எழுத்தில் எழுதியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை.

சாவி எங்கேயும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டிடம் ஃபோன் போட்டும் பயனில்லை, அவர்களாலும் புதிதாக உருவாக்கித் தர முடியாது. "பைபாஸ் பண்ணித் தர்றேன்" என்று பணம் கேட்கிறவரிடம், முதலில் என் ஃபைல் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அவர் செய்யப்போவது ஃபார்மட்.

ஆனால் சாவியைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி: கடைசியாக எதைத் தொட்டீர்கள்? டிபிஎம் என்பது அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. கணினி எழும்போது ஒவ்வொரு படியிலும் யார் வருகிறார்கள் என்று முகம் பார்க்கிறது, எல்லாம் நேற்று மாதிரியே இருந்தால் கதவைத் திறக்கிறது. செக்யூர் பூட் என்ற பயாஸ் அமைப்பை (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடுவது) அணைத்தது, பயாஸை மாற்றியது, டிபிஎம்மைத் துடைத்தது, மதர்போர்டையே மாற்றியது, வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டது இவையெல்லாம் முகம் மாறிய கதை. லினக்ஸ் போட்டுப் பார்க்க நேற்று செக்யூர் பூட்டை அணைத்திருந்தால், பயாஸுக்குள் போய்த் திரும்ப ஆன் செய்து பாருங்கள். பல நேரம் சாவி கேட்காமலே திறந்துவிடும்.

ஏஎம்டி பிராசஸர் மாற்றினால் அல்லது பயாஸ் ஏற்றினால் கறுப்புத் திரையில், எஃப்டிபிஎம்மை (பிராசஸருக்குள் இருக்கும் டிபிஎம்) ரீசெட் செய்ய ஒய் விசை, பழையதை வைத்துக்கொள்ள என் விசை என்று கேட்கும். கையில் சாவி இல்லாமல் ஒய் அழுத்தாதீர்கள்.

அண்ணன் வீட்டு டெஸ்க்டாப்

இது தனிக்கதை. அண்ணனுடைய பழைய அசெம்பிள் கணினியில் போன வருடம் புதிதாக விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு திடீரென்று சாவி கேட்டது. நோட்டைப் பார்த்துச் சொன்னேன், திறந்தது. அண்ணன் அதை அணைப்பதே இல்லை, ஸ்லீப்பில்தான் விடுவார். சில வாரம் கழித்து மறுபடி. அதற்கப்புறம் மறுபடி.

"என்னம்மா இது, அமாவாசை மாதிரி தேதி வச்சுக் கேக்குது?" என்றார் அண்ணன்.

அமாவாசை இல்லை, மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாள். காலண்டரில் அவர் போட்டிருந்த சுழிகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "கேட்ட அன்னைக்கு கடிகாரம் சரியா இருந்துச்சாண்ணே?" "அதுவும் தப்பாத்தான் காட்டிச்சு. நான் இன்டர்நெட் கோளாறுன்னு விட்டுட்டேன்."

மதர்போர்டில் சிஆர்2032 என்று ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரமே இல்லாத நேரத்தில் பயாஸ் அமைப்பையும் நேரத்தையும் காப்பது அதுதான். அது செத்திருந்தாலும் சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை தெரியாது. பகல் முழுக்கக் கரண்ட் போனால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். அந்தப் பழைய போர்டின் தொழிற்சாலை அமைப்பில் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் ஆஃப். வாட்ச்மேனே லீவு, பிறகு யார் கதவைத் திறப்பது?

வாட்ச் கடையில் பேட்டரி வாங்கினோம். சுவர் ஸ்விட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றி, பேட்டரி ஓரத்திலுள்ள கொக்கியைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் அது துள்ளி வெளியே வரும். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைக்க வேண்டும். பிறகு ஆன் செய்ததும் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போய், தேதியைச் சரிசெய்து, டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்து சேமித்தோம். கடைசியாக ஒருமுறை சாவி கேட்டது. அதற்கடுத்த மின்நிறுத்தத்துக்குப் பிறகு கேட்கவில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் கேட்டால், வாட்ச்மேனுக்குப் புது முகத்தை அறிமுகப்படுத்த வேண்டும். உள்ளே போய் அட்மினிஸ்ட்ரேட்டர் திரையில் மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிசேபிள் சி:, பிறகு அதே வரியில் -டிசேபிளுக்குப் பதில் -எனேபிள். பூட்டைக் கொஞ்சம் நிறுத்தி மறுபடி போடுவது, அவ்வளவுதான். வட்டின் குறியாக்கம் கலையாது.

பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன்னும் இதே -டிசேபிள் கட்டளைதான். சும்மா கொடுத்தால் ஒரு ரீஸ்டார்ட் வரை தாங்கும், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். பயாஸ் அப்டேட் சிலதில் இரண்டு முறை ரீஸ்டார்ட் ஆகும். அதனால் நான் கடைசியில் -ரீபூட்கவுன்ட் 3 என்று சேர்ப்பேன். சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன்பும் இதை யோசியுங்கள். மதர்போர்டு மாறி வந்தால் கட்டாயம் சாவி கேட்கும்.

சாவி சரி, ஆனாலும் விண்டோஸ் வரவில்லை

இது வேறு நோய். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தனவே, அதிலும் மருந்து ஒரே ஒரு ஃபைலை அழிப்பதுதான். பல கணினிகளில் அந்த ஃபைல் இருந்த வட்டு பூட்டியிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் 48 இலக்கம் தேடி அலைந்தார்கள்.

விண்டோஸ் சுழன்றுகொண்டே இருந்தால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை இடையில் அணையுங்கள். மீட்புத் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஒருமுறை ஓட்டுங்கள். சரியாகவில்லையென்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்.

அங்கே விண்டோஸ் இருக்கும் வட்டு சி-யாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள், டி-யாகவும் இருக்கலாம். -ஸ்டேட்டஸ் கொடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பூட்டியிருந்தால்: மேனேஜ்-பிடிஇ -அன்லாக் சி: -ரெகவரிபாஸ்வேர்ட், பிறகு கோடுகளோடு சாவி.

திறந்தவுடன் ரிப்பேர் செய்ய அவசரப்படாதீர்கள். முதலில் படங்களையும் ஃபைல்களையும் வெளியே எடுங்கள். நோட்பேட் என்று அடித்தால் அந்தக் கறுப்புத் திரையிலும் நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் போய், கீழே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் வட்டு முழுக்கத் தெரியும். வேண்டிய ஃபோல்டரை வலது சொடுக்கி காப்பி செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று காட்டாது, உறைந்த மாதிரி நிற்கும். பென் டிரைவ் விளக்கு மினுக்குவது நிற்கும்வரை காத்திருங்கள்.

அதன்பின் ரிப்பேர். முதலில் செக்டிஸ்க், அதாவது சிஎச்கேடிஎஸ்கே சி: /எஃப். அதற்கும் மசியாமல் பூட் ஃபைல்களே கெட்டிருந்தால் டிஸ்க்பார்ட் திறந்து, லிஸ்ட் வால்யூம் கொடுத்து, ஃபேட்32 என்று போட்டிருக்கும் 100 அல்லது 260 எம்பி பகுதியை செலக்ட் செய்து, அசைன் லெட்டர்=எஸ் என்று பெயர் வைத்து வெளியே வாருங்கள். பிறகு பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ. பலரும் சொல்லும் பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட், புதுக் கணினிகளில் பெரும்பாலும் அனுமதி மறுப்பு என்று முறைக்கும். அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பூட் ஃபைலை மாற்றியதால் அடுத்தமுறை சாவி கேட்கலாம், பயப்பட வேண்டாம்.

சாவி அடுத்தவர் கைக்குப் போனால்

மகள் அன்று ராத்திரி நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, அதைப் படம் எடுத்து, "இனிமே யாருக்காச்சும் வந்தா இதை யூஸ் பண்ணுங்கடி" என்று ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அது அவளுடைய லேப்டாப்புக்கு மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய லேப்டாப்புக்கு அதுவே போதும் என்பதும் தெரியவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது சாவியை மாற்றினோம். முதலில் மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டெலீட் சி: -டைப் ரெகவரிபாஸ்வேர்ட். உடனே, இடையில் ரீஸ்டார்ட் எதுவும் செய்யாமல், -ஆட் சி: -ரெகவரிபாஸ்வேர்ட். புது 48 இலக்கம் திரையில் வந்தது. இப்படிக் கட்டளையில் உருவாக்கும் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்குக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்கக்கூடாது. காகிதம்தான் இப்போதைக்கு ஒரே பிரதி.

இந்தத் தடவை அவளையே எழுதச் சொன்னேன். பழைய பக்கத்தில் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதினாள். எட்டு வரியும் எழுதி முடித்து நோட்டை மூடப் போனவளை நிறுத்தி, "வகுத்தியா?" என்றேன். முனகிக்கொண்டே ஒற்றை இடம், இரட்டை இடம் என்று விரலால் எண்ண ஆரம்பித்தாள். மூன்றாவது வரிக்கு வித்தியாசம் 5 வந்தது.